பச்சைக் கட்டம்

அந்த மழலையர் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. டீச்சரின் பிள்ளை அந்த டீச்சரின் அறையில் உட்காரக் கூடாது. பெற்றவள் கண்ணுக்குத் தன் பிள்ளை ராஜாவாகத் தெரியும், இல்லையென்றால் ராட்சசனாகத் தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது என்பது பள்ளியை நடத்தும் மேடத்தின் கட்சி. இருப்பதே இரண்டு அறை. அதனால் தெருப் பக்க அறை டீச்சரின் மகள் தோட்டத்து அறையிலும், தோட்டத்து அறை டீச்சரின் மகன் தெருப் பக்க அறையிலும் படித்தார்கள். படித்தார்கள் என்பது பெரிய வார்த்தை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ளவர்கள் அங்கே செய்வது கட்டை அடுக்குவது, அடுத்தவன் அடுக்கியதைத் தள்ளுவது, தள்ளியவனைக் கடிப்பது, மத்தியானம் கடித்தவன் மேலேயே கால் போட்டுத் தூங்குவது.

தெருப் பக்க அறைக்காரியைப் பிள்ளைகள் சின்ன டீச்சர் என்றார்கள், ஆள் குள்ளம். தோட்டத்து அறைக்காரி பெரிய டீச்சர். வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கக் குனிந்து வருகிற உயரம். வயதிலும் ஆறு வருஷம் மூத்தவள். சின்ன டீச்சர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்த அக்கா ஒருத்தி வேறு ஊரில் இருக்கிறாள், அவளைக்கூட இப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்லை. ஒன்பது வருஷமாக மத்தியானச் சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒரே மேஜையில். இவள் டிபன் பாக்ஸை அவள் திறப்பாள், அவள் டிபன் பாக்ஸை இவள் திறப்பாள். யார் எதைச் சமைத்தார்கள் என்பது பாதி நாள் அவர்களுக்கே மறந்துபோகும்.

பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு வளர்ச்சி நோட்டு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள். ஒற்றைக் காலில் நிற்கிறதா, வட்டம் வரைகிறதா, பொத்தான் போடுகிறதா, மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுகிறதா, முதுகுக்குப் பின்னால் எழும் சத்தத்துக்குத் திரும்புகிறதா. செய்தால் கட்டத்துக்குப் பச்சைக் கிரேயான். செய்யப் பார்க்கிறது என்றால் மஞ்சள். இன்னும் வரவில்லை என்றால் வெறும் வெள்ளை. பச்சை அடிக்க ஒரு விதி இருந்தது. டீச்சர் தன் கண்ணால் மூன்று வெவ்வேறு நாளில் பார்க்க வேண்டும், மூன்று தேதியையும் கட்டத்துக்குள் எழுத வேண்டும். ‘வீட்ல செய்வானாம்’, ‘செஞ்சுடுவான்னு தோணுது’ என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது. பச்சை அடித்தால் அடித்ததுதான். மெழுகுக் கிரேயான் மேல் இன்னொரு நிறம் ஏறாது. ஏற்றப் பார்த்தால் சேறு மாதிரி ஆகிவிடும்.

சின்ன டீச்சருக்கு அந்த நோட்டின் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமில்லை. “பக்கத்து வீட்டுப் பிள்ளையப் பாக்காதீங்க, சொந்தக்காரங்க சொல்றதக் கேக்காதீங்க. இந்த நோட்டப் பாருங்க. இது பொய் சொல்லாது” என்று எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பாள், கணக்கில்லை.

அவளும் அந்த வார்த்தைக்கு உண்மையாகத்தான் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய டீச்சரின் மகன் அவள் அறைக்கு வந்தான். நின்ற இடத்தில் விழுவான், விழுந்த இடத்தில் உருளுவான், அதனால் வீட்டிலேயே உருளை என்று பெயர். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். சின்ன டீச்சர் இரண்டு வாரம் சிரித்தாள். மூன்றாவது வாரம் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை ஒரு படி ஏறவும் சுவரைப் பிடித்தது. கிரேயானை ஐந்து விரலாலும் உலக்கை மாதிரி பிடித்தது. முதல் பருவ நோட்டில் நான்கு கட்டம் வெள்ளையாக நின்றது.

சொல்லத்தான் வேண்டும். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, பின்கட்டுக் குழாயடியில் பெயிண்ட் பிரஷ்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. “அக்கா, அவன் சோம்பேறி இல்ல. தசையில பலம் இல்லன்னு நெனைக்கிறேன். டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றாள். பெரிய டீச்சர் கையிலிருந்த பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போனாள். பதினோரு நாள் பேச்சு இல்லை. மத்தியானம் தனியாகத் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். பன்னிரண்டாம் நாள் டிபன் பாக்ஸோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“வாரத்துக்கு ரெண்டு நாள் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்காங்க. சீக்கிரமாவே கூட்டிட்டு வந்துட்டீங்க, நல்ல வேளைன்னு சொன்னாரு டாக்டர். நான் எங்க கூட்டிட்டுப் போனேன். நீ கூட்டிட்டுப் போனே” என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் அழுதார்கள். அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் சின்ன டீச்சரின் மகளுக்கு மூன்று வயது. தோட்டத்து அறைக்குப் போனாள். அவளுக்கு வீட்டில் மைனா என்று பெயர். கைக்குழந்தையாக இருந்தபோது ஓயாமல் ‘ங்கா’, ‘பா’ என்று கத்திக்கொண்டே கிடந்ததால் வைத்த பெயர். போகப் போக அந்தக் கத்தல் குறைந்தது. ஒரு வயதில் இரண்டு வார்த்தை. மூன்று வயதில் இருபது வார்த்தை இருக்கும், அதில் பாதி அவள் அம்மாவுக்கு மட்டும் புரியும். ஆனால் கெட்டிக்காரி. பாத்திரத்தை நீ எடுக்கும் முன்னால் சாப்பிட வந்து நிற்பாள். செருப்பை நீ பார்க்கும் முன்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு வருவாள். முகத்தை அப்படிப் படிப்பாள்.

அவள் அப்பா வண்டிப் பட்டறையில் மெக்கானிக். என்ஜினைத் திறக்காமலே, சத்தத்தை வைத்தே எந்தப் பாகத்தில் கோளாறு என்று சொல்கிறவர். அவர்தான் முதலில் சொன்னார்.

“இவள ரெண்டு தடவ, மூணு தடவ கூப்பிட வேண்டியிருக்கு. நேர நின்னா உடனே வர்றா. பின்னாடி நின்னா வர மாட்டேங்கிறா. ஒரு தடவ காதக் காட்டிட்டு வந்துடலாமா?”

சின்ன டீச்சருக்குச் சுள்ளென்று வந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைகளோடேயே கிடக்கிறவளுக்கு ஸ்பானர் பிடிக்கிறவர் பாடம் எடுப்பதா. அவளுக்கும் உள்ளே ஒரு நெருடல் இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது, அது அப்போது தெரியவில்லை. நேராகப் போய்ப் பெரிய டீச்சரிடம் கேட்டாள். “எம் பொண்ணு எப்படிக்கா?”

“உம் பொண்ணுக்கு என்ன? விளையாட்டு மும்முரத்துல திரும்ப மாட்டா. சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும். எங்க நாத்தனார் பொண்ணு நாலு வயசுல வாயத் தொறந்தா, இன்னிக்கு வரைக்கும் மூடல” என்றாள் பெரிய டீச்சர். மறுநாள் நோட்டையும் எடுத்துக் காட்டினாள். பேச்சுக் கட்டம் மஞ்சள். சரி, அது தெரிந்ததுதான். சத்தத்துக்குத் திரும்பும் கட்டம் பச்சை. மூன்று தேதி.

அந்த நோட்டைக் கொண்டுபோய்ப் புருஷனின் மடியில் வைத்தாள். “பாருங்க. மூணு தடவ பாத்து அடிச்சிருக்காங்க. இது உங்க பட்டறை இல்ல.” அவர் நோட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கை துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. பருவத்துக்குப் பருவம் அந்தக் கட்டம் பச்சையாகவே வந்தது. ஒரு வருஷம் போனது.

இந்த வருஷம் பெரிய டீச்சரின் மாமியாருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. மூன்று நாள் லீவு. மேடம் இரண்டு அறையையும் ஒன்றாக்கிச் சின்ன டீச்சரின் தலையில் கட்டினார். முப்பத்தைந்து பிள்ளைகள். சந்தை இரைச்சல் தோற்றது. அடங்கவைக்க என்ன வழி? டப்பா விளையாட்டு.

ஐந்து தகர டப்பா. ஒன்றில் பொத்தான், ஒன்றில் மணல், ஒன்றில் சாவி, ஒன்றில் கூழாங்கல், ஒன்றில் கரண்டி. ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து முக்காலியில் உட்காரும். டீச்சர் பின்னால் நின்று டப்பாவை ஆட்டுவாள். சத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கை காட்ட வேண்டும். மற்றவர்கள் வாயில் விரல் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட வாலும் இதற்கு மட்டும் அடங்கும்.

ஏழாவதோ எட்டாவதோ மைனாவின் முறை வந்தது. முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டாள். சின்ன டீச்சர் இடது பக்கம் பொத்தான் டப்பாவை ஆட்டினாள். மைனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் கூழாங்கல். மைனா சுவரைப் பார்த்தாள். கரண்டி டப்பாவை எடுத்து, காதுக்கு ஒரு முழம் தள்ளி, தகரம் அதிர ஆட்டினாள். இரண்டு குட்டிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மைனாவின் காலாட்டம்கூட நிற்கவில்லை. சுவரில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது, அவள் அதை விரலால் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள்.

“மைனா” என்றாள் சின்ன டீச்சர். அப்புறம் இன்னும் சத்தமாக.

முன்வரிசையில் தோட்டத்து அறைப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் வழுக்கும் மூக்குக் கண்ணாடி, எதையும் சரியாகச் சொல்லாவிட்டால் தூக்கம் வராத ரகம். அவள் எழுந்து வந்து டீச்சரின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்படிக் கூப்பிடக் கூடாது டீச்சர். மைனாவ தொட்டுத்தான் கூப்பிடணும்.”

“யாரும்மா சொன்னது?”

“பெரிய டீச்சர். எங்க எல்லாருக்கும் சொல்லியிருக்காங்க. மைனாவுக்கு சத்தம் வராது, தோள்ல தொட்டுட்டு, அவ பாத்ததுக்கு அப்புறம் பேசணும்.” சொல்லிவிட்டுப் போய் மைனாவின் தோளில் இரண்டு விரலால் தட்டினாள். மைனா உடனே திரும்பினாள். அம்மாவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். மற்ற தோட்டத்து அறைப் பிள்ளைகள் இதில் என்ன அதிசயம் என்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

பதினெட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. மூக்கு ஒழுகுகிற மூன்று வயது வாண்டுக்குத் தெரிந்திருந்தது. தாயறியாத சூலா என்பார்கள். இந்தத் தாய் ஒருத்தி மட்டும் அறியவில்லை.

டப்பாக்களை அலமாரியில் வைத்தாள், ஆயாவைக் கூப்பிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், தோட்டத்து அறைக்குப் போய் மகளின் நோட்டை எடுத்தாள். சத்தத்துக்குத் திரும்பும் கட்டம். போன பருவத்தின் பச்சை. உள்ளே மூன்று தேதி, பெரிய டீச்சரின் அச்சடித்தது போன்ற கையெழுத்து. ஒன்பது, பதினொன்று, பதினான்கு. பதினான்கு அவளுக்கு மறக்காது. பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை மைனா காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். அதே கையெழுத்தில் நான்கு நாளும் ‘விடுப்பு’.

வராத பிள்ளை எப்படித் திரும்பியது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள்கூடக் கொஞ்சம் நிறையச் சோறு போடுவாள். இவள் அதைக்கூடச் செய்யவில்லை. பெற்றவள் எப்படியும் நோட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டாள், நம்பித் தொலைப்பாள் என்று அவ்வளவு தைரியம்.

மறுநாள் சனிக்கிழமை. அவளும் புருஷனும் மைனாவைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். பஞ்சு வைத்துத் தைத்த சுவர்கள் உள்ள சின்ன அறை. மைனாவின் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டினார்கள். கையில் ஒரு கட்டை, எதிரே ஒரு கூடை. சத்தம் கேட்டால் கட்டையைக் கூடையில் போட வேண்டும். மைனாவுக்கு விளையாட்டு உடனே பிடித்துவிட்டது. கட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிற அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மாவின் புருவம் ஏறினால் போட்டாள். பரிசோதிக்கிற பெண் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க” என்றாள். சின்ன டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அதற்குப் பிறகு வெகுநேரம் கூடையில் கட்டை விழவில்லை.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் பாதிக்கு மேல் இல்லை. கதவு சாத்துவது, பட்டறைச் சுத்தியல் மாதிரிப் பெரிய சத்தங்கள் போகும். பேச்சு போகாது, பேச்சில் ஒரு முனகல் மட்டும் போகும். மெஷின் வைக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், பேச்சு வரும் என்றாள் அந்தப் பெண். பிறகு, வாய் தவறிச் சொல்கிறவள் போல, “போன வருஷமே வந்திருக்கலாமே, இந்த வயசுல ஒரு வருஷம்ங்கிறது ரொம்பப் பெருசு. நீங்களே டீச்சர்னு எழுதியிருக்கீங்க” என்றாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை சின்ன டீச்சருக்கு நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர், “அந்த நோட்ட எடு” என்றார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கிரீஸ் போகாத கட்டைவிரலால் அந்தப் பச்சைக் கட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

“நல்லா அடிச்சிருக்காங்க. கோட்டுக்கு வெளிய ஒரு துளி போகல” என்றார். அவ்வளவுதான்.

பெரிய டீச்சர் திங்கட்கிழமை வந்தாள். மாமியார் எழுந்து உட்காருவதையும், நர்ஸையே அதட்டுவதையும் ஆயாவிடம் நடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். சின்ன டீச்சர் நாள் முழுக்க ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்தாள். குழாயடியில், அதே பிரஷ்கள்.

“அக்கா, பதினாலாம் தேதி மைனா பள்ளிக்கூடத்துக்கே வரல.”

“எந்தப் பதினாலு?”

“நீங்க பச்ச அடிச்ச பதினாலு.”

பெரிய டீச்சர் குழாயை மூடினாள். பிரஷ்ஷிலிருந்து நீலத் தண்ணீர் அவள் புடவையில் சொட்டியது, அதைப் பார்க்கவில்லை. பொய் சொல்லப் போகிறாள் என்று சின்ன டீச்சர் நினைத்தாள். சொல்லியிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

“காதுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?” என்றாள் பெரிய டீச்சர்.

“போனோம். எப்பத்துல இருந்துக்கா உங்களுக்குத் தெரியும்?”

“அவ வந்த ஒரு மாசத்துல.”

“ஒரு மாசத்துல.”

“மஞ்ச அடிக்கத்தான் கிரேயான எடுத்தேன். சத்தியமா. நீ கதவுகிட்ட வந்து நின்னே. ‘எம் பொண்ணு எப்படிக்கா’ன்னு கேட்டே. நீ எங்கிட்ட உருளையப் பத்திச் சொன்ன அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. பஸ்ல ஏறி உக்காந்தேன், எறங்க வேண்டிய எடத்துல எறங்கல. கடைசி ஸ்டாப்புல கண்டக்டர் வந்து எழுப்பற மாதிரி எழுப்பினாரு, நான் தூங்கவே இல்ல. அத உனக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. இந்தத் தடவ போகட்டும், அடுத்த பருவத்துல சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அடுத்த பருவத்துல எப்படிச் சொல்றது? பச்ச மேல மஞ்ச ஏறுமா?”

“அதனால மறுபடியும் பச்ச.”

“மறுபடியும்.”

“ஆனா பிள்ளைங்ககிட்ட சொல்ல மட்டும் வாய் வந்துச்சு.”

“கூப்பிட்டது தெரியாம நிப்பாடி அவ. பாவமா இருக்கும். அவள ஒரு நாள்கூட நான் ஏங்க விட்டதில்ல. வேணா கேட்டுப் பாரு.”

“யாரக் கேக்கறது? அவளையா? அவளுக்குத்தான் பேச வராதே” என்றாள் சின்ன டீச்சர். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக மரியாதை கழன்று விழுந்தது. “எம் புருஷன் சொன்னாரு. நான் உன் நோட்டத் தூக்கி அவர் மூஞ்சிக்கு நேரா ஆட்டினேன். உன்ன நம்பி, பெத்த அப்பன வாயடச்சேன். நீ பாசம்ங்கிறே. உம் பையன் இன்னிக்கு ஒத்தக் கால்ல குதிக்கிறான். நானும் அன்னிக்கு உன்ன மாதிரி பாசமா இருந்திருந்தா?”

அவ்வளவு உயரமானவள் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

விரோதி செய்திருந்தால் இவ்வளவு வலிக்காது. விரோதிக்கு நோட்டை யார் கொடுக்கிறார்கள்? நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இதில் கேவலம், கத்தி போட்டவளும் தடவிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டே போட்டிருக்கிறாள். தன் பிள்ளைக்கு உண்மையை வாங்கிக்கொண்டாள். அதைச் சாப்பிட்டுத்தான் அவன் தேறினான். கசப்பு என்பதால் மைனாவுக்கு மட்டும் சர்க்கரை.

மேடத்துக்கு விஷயம் போனது. மேடம் இரண்டு பேரையும் உட்காரவைத்து நீளமாகப் பேசினார், பள்ளியின் பெயர் என்ற சொல் ஏழெட்டு முறை வந்தது. முடிவில் வழக்கத்தை உடைத்து மைனாவைச் சின்ன டீச்சரின் அறைக்கே மாற்றினார். பெரிய டீச்சருக்கு எச்சரிக்கைக் கடிதம். உருளை இருந்த இடத்திலேயே இருந்தான். அவன் அம்மா அப்படித்தான் கேட்டுக்கொண்டாளாம்.

மைனாவுக்கு மெஷின் வந்தது. முதல் நாள் நாற்காலி இழுபட்ட சத்தத்துக்கே வீறிட்டு அழுதாள். இரண்டாம் வாரம் தானே காதில் மாட்டக் கொண்டுவந்து கொடுத்தாள். மாட்டிய பிறகும் யாரும் கூப்பிட்டால் திரும்பவில்லை. சத்தம் இப்போது உள்ளே போகிறது, ஆனால் அது யார், எங்கிருந்து, தன்னையா என்பதையெல்லாம் அவள் முதலிலிருந்து கற்க வேண்டும், பொறுங்கள் என்றார்கள். சின்ன டீச்சர் கடையில் ஒரு புது நோட்டு வாங்கிக் கட்டம் போட்டாள். முதல் கட்டம்: பெயரைக் கூப்பிட்டால் திரும்புகிறாள். வெள்ளை.

பருவ முடிவு வந்தது. எல்லா நோட்டையும் முடித்து, கடைசியாக உருளையின் நோட்டை எடுத்தாள். இரண்டு கட்டம் பாக்கி. ஒற்றைக் காலில் மூன்று முறை குதிக்கிறான்: செவ்வாய், வியாழன், திங்கள் என மூன்று நாளும் குதித்தான், அவள் கண்ணால் பார்த்தாள். பச்சை அடித்தாள். அடுத்தது, கோட்டின் மேல் கத்தரிக்கோலால் வெட்டுகிறான். வெட்டவில்லை. அவன் வெட்டிய காகிதம் எலி கடித்தது போல மேஜையில் கிடந்தது. கையில் பச்சைக் கிரேயான் இன்னும் இருந்தது.

அடித்தால் என்ன? ஒரு சின்னக் கட்டம். அவன் அம்மா கண் நிறையப் பார்க்கட்டும், சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டும். அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லுவார்கள், அப்போது கடைசி ஸ்டாப் வரை போகட்டும். கிரேயான் முனை கட்டத்தின் மூலையைத் தொட்டுவிட்டது. உருளை மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று நாக்கைத் துருத்திக்கொண்டு இன்னொரு காகிதத்தை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டிவிட்டுத் தூக்கிக் காட்டினான். “இது கொஞ்சம் நல்லா இருக்குல்ல டீச்சர்?” கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

அவள் கிரேயானை மாற்றி மஞ்சள் அடித்தாள். மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் சேறாக நின்றது.

பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டு நோட்டு வாங்கும் நாள். வரிசை முடிந்த பிறகு, பெரிய டீச்சர் குனிந்து உள்ளே வந்தாள். பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில், முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்தாள். மஞ்சளைப் பார்த்ததும் தலையாட்டினாள். அது அவளுக்குத் தெரியும். மேலே இருந்த பச்சையைப் பார்த்தாள். விரல் அங்கேயே நின்றது.

“இது... நெஜமாவே குதிச்சானா? நீயே பாத்தியா?”

“தேதி போட்டிருக்கேன் டீச்சர். படிங்க” என்றாள் சின்ன டீச்சர்.

டீச்சர் என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். “இல்ல, வீட்ல குதிக்கச் சொன்னா மாட்டேங்கிறான். அதான் கேட்டேன். கோவத்துல ஏதாவது...”

“நான் ஒரு வருஷம் எதுவும் கேக்காம நம்பினேன். நீங்களும் அப்படியே நம்பிக்கோங்க.”

பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டாள். அந்த அச்சடித்த எழுத்து கோணிக்கொண்டு போனது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். சின்ன டீச்சர் நோட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். மைனா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில், பெரிய டீச்சர் மகனின் கையை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நின்றாள். உருளை ஒற்றைக் காலைத் தூக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. விழவில்லை. பெருமையாக அம்மாவைப் பார்த்தான். “இன்னொரு தடவ” என்றாள் அவள். குதித்தான். “இன்னொரு தடவடா கண்ணு.” குரல் உடைந்திருந்தது.

கட்டை அடுக்கிக்கொண்டிருந்த மைனாவின் கை நின்றது. தலை மெதுவாக நிமிர்ந்தது. யாரும் தொடவில்லை. தரை அதிரவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைத் திருப்பி, ஜன்னலைப் பார்த்தாள், அங்கே நின்ற உயரமான உருவத்தைப் பார்த்தாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

சின்ன டீச்சருக்குச் சந்தோஷம் நெஞ்சை அடைத்தது. கூடவே வயிறு பற்றி எரிந்தது. இரண்டு மாதமாக அவள் தொண்டை கிழியக் கூப்பிடுகிறாள். பிள்ளை முதலில் திரும்பியது அந்தக் குரலுக்கா? ஒரு வருஷம் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசியவள் அவள்தானே. அதுவும் பொய்யில்லை. அதுதான் தாங்கவில்லை. அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

புது நோட்டை எடுத்தாள். ‘பெயரைக் கூப்பிட்டால்’ என்று எழுதியிருந்ததை அழிக்காமல், பக்கத்தில் ‘குரல் கேட்டால்’ என்று சேர்த்தாள். மூன்று முறை பார்க்காமல் பச்சை கிடையாது. அவள் முதல் தேதியை மட்டும் எழுதினாள்.